அத்தை சொன்ன ரகசியத்தை நான் மேடையேற்றலாமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 38. பள்ளி ஆசிரியை. மாலை வேளைகளில் ஒரு சிறிய நாடகக் குழுவில் இயங்குகிறார். கடிதத்துடன் தாம் எழுதிய நாடகப் பிரதியையும் இணைத்திருக்கிறார்.

கதை அவருடைய குடும்பத்தில் நடந்தது. 1984-இல் அவருடைய அப்பாவுக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. சென்னைக்குக் கொண்டுபோகப் பணம் இல்லை. அப்பாவின் தங்கை, அதாவது வாசகியின் அத்தை, அப்போதுதான் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். மாமியாரின் எட்டுச் சவரன் இரட்டைவடச் சங்கிலியை யாருக்கும் தெரியாமல் எடுத்து அடகு வைத்தார். பெட்டியில் அதே அச்சில் ஒரு கவரிங் சங்கிலியை வைத்தார். எப்படியும் மீட்டுவிடலாம் என்று நம்பியிருந்தார். வட்டி ஏறி நகை மூழ்கிப்போனது. ஓர் ஆண்டு கழித்து ஒரு கல்யாணத்துக்காக மெருகு போடக் கொடுத்தபோது ஆசாரி உண்மையைச் சொல்லிவிட்டார். பழி, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்மீது விழுந்தது. பஞ்சாயத்து கூடியது. அந்தப் பெண் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அத்தை வாய் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு மருத்துவமனையில் துணைக்கு இருந்த இரவில் அத்தை இதையெல்லாம் வாசகியிடம் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு இப்போது வயது 65. வாசகி அதை நாடகமாக எழுதிவிட்டார். ஒத்திகை நடக்கிறது. இரண்டு மாதத்தில் மாவட்டத் தலைநகரில் அரங்கேற்றம். அத்தைக்கு எதுவும் தெரியாது. ஆனால் அத்தை மகனுக்கு யார் மூலமாகவோ தெரிந்து, "என் அம்மாவைத் திருடி என்று மேடையில் ஏற்றினால் வழக்குப் போடுவேன்" என்று தொலைபேசியில் சத்தம் போட்டிருக்கிறார். வாசகி கேட்பவை: பெயர்களை மாற்றியும் வழக்கு நிற்குமா? நாடகம் வந்தால் அத்தை கைதாகக்கூடுமா? பிரதியைக் காவல்துறைக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டுமா? அத்தையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, அல்லது அரங்கேற்றத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தால் அவரே மனம் இலேசாகி மகிழ்வாரா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிரதியை முழுவதும் படித்தேன். எழுதத் தெரிந்தவர் எழுதியது. அடகுக்கடைக்காரர் சங்கிலியை உரைகல்லில் தேய்க்கும்போது அந்த இளம்பெண் தன் கழுத்துத் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். வசனமே இல்லாத அந்த இடத்தில் அவளுடைய பயம் முழுக்க இருக்கிறது. இப்படி எழுதக்கூடியவர் தவறான வழியில் போய்விடக் கூடாது என்பதால் சில இடங்களில் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

பெயரை மாற்றினால் போதுமா?

"பெயர்களை மாற்றிவிட்டேன், நடந்த உண்மையைத்தான் எழுதினேன்" என்கிறீர்கள். இந்த இரண்டு சமாதானங்களையும் சட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மதிப்பதில்லை.

அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான் அவதூறு என்பதில்லை. அவரை அறிந்தவர்கள் "இது இன்னார்தான்" என்று அடையாளம் காண முடிந்தால் போதும். உங்கள் நாடகத்தில் எட்டுச் சவரன் இரட்டைவடம் அப்படியே இருக்கிறது, அண்ணனின் இதய அறுவைச் சிகிச்சை இருக்கிறது, மாமியார் வாயில் எப்போதும் வரும் பழமொழிகூட இருக்கிறது. அரங்கம் இருப்பதோ அந்த ஊருக்குப் பக்கத்தில். முதல் காட்சி முடிவதற்குள் அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் "இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே" என்று அறிவித்துவிட்டு இத்தனை அடையாளங்களையும் வைத்திருந்தால் அந்த அறிவிப்பு உங்களைக் காப்பாற்றாது.

உண்மை என்ற கேடயத்துக்கும் ஓர் அளவு உண்டு. நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கில் உண்மை வலுவான எதிர்வாதம். குற்றவியல் அவதூறில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்பதையும் காட்ட வேண்டும். அதோடு, உண்மை என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? அடகுச்சீட்டு இல்லை, ஆசாரி இல்லை, மாமியார் இல்லை. நீங்கள் கூண்டில் ஏற்ற வேண்டிய ஒரே சாட்சி உங்கள் அத்தை. இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

மாமியார் இறந்துவிட்டார், இறந்தவருக்கு ஏது மானநஷ்டம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே பிரிவின் முதல் விளக்கம் இறந்தவரைப் பற்றியதுதான். உயிரோடிருந்தால் அவருடைய பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும், அவருடைய குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு அவதூறாகலாம். நோக்கம் என்ற சொல் உங்களுக்குச் சாதகமானது; உங்களுக்கு அப்படி நோக்கம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனாலும் அதை நீதிமன்றத்தில் போய் நிரூபித்துக்கொண்டிருக்கும் நிலை வேண்டாமே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி அந்தரங்க உரிமை. 1994-இல் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் மாநிலத்து எழுத்தாளர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்ற சொந்த வாழ்வைப் பற்றி அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது. சொல்வது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா விமர்சனமா என்பது அங்கே பொருட்டல்ல. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் அத்தையின் கதை எந்த ஆவணத்திலும் இல்லை. அது உங்கள் காதில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே அத்தை மகனுடைய மிரட்டலுக்கு என் பதில் இது. அந்தரங்கம் மீறப்பட்டது என்று கேட்கும் உரிமை முதலில் அவருடையதல்ல, அவருடைய அம்மாவினுடையது. பாட்டியின் பெயரைச் சொல்லி அவர் புகார் கொடுக்கலாம், இடைக்காலத் தடை கேட்டு வழக்கும் போடலாம். கிடைக்குமா என்பது வேறு. நீங்கள் பயப்பட வேண்டியது அவருக்கு அல்ல. கேட்டுக்கொள்ள வேண்டிய ஆளும் அவரல்ல.

மற்ற இரண்டு கேள்விகளையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து முன்அனுமதி வாங்கும் ஏற்பாடு 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்த்துகைச் சட்டத்திலிருந்து வந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. அரங்க நிர்வாகம் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கேட்கும் கடிதங்கள் வேறு விஷயம். அத்தை கைதாவாரா என்று நடுங்கிப்போய் எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் நடந்த திருட்டு என்று கொண்டால் தண்டனை அதிகம் என்பதால் அந்த வரம்பு பொருந்தாது. ஏட்டளவில் அப்படி. நடைமுறையில், நகைக்கு உரியவரும் இல்லாமல் நகையும் இல்லாமல் நாற்பது ஆண்டுக்கு முந்திய குடும்ப விவகாரத்தில் கைது என்பது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியிருந்தும் ஓர் எச்சரிக்கை: "நான்தான் எடுத்தேன்" என்று அத்தையிடம் எழுத்திலோ ஒலிப்பதிவிலோ எதையும் வாங்கி வைக்காதீர்கள். ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் குழுவில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நோரா வெளியேறினாள், லாரா?

நீங்கள் இந்த நாடகத்தை எழுதத் தூண்டியது கல்லூரியில் படித்த, நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' என்கிறீர்கள். "ரகசியம் வெளிப்பட்டதும் நோராவுக்கு விடுதலை கிடைத்தது, என் அத்தைக்கும் அந்த விடுதலையை மேடையில் கொடுக்க விரும்புகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் மறுக்க விரும்பும் வாக்கியம் இதுதான்.

அந்த நாடகத்தின் நாயகி நோராவின் கதையை இன்னொரு தடவை பாருங்கள். நோயுற்ற கணவன் ஹெல்மரை இத்தாலிக்கு அழைத்துப்போக அவள் ரகசியமாகக் கடன் வாங்குகிறாள். கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாத காலம். பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். கையெழுத்துக்குக் கீழே இருக்கும் தேதி அக்டோபர் 2. அப்பா இறந்ததோ செப்டம்பர் 29. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் இதைக் கண்டுபிடித்துவிடுகிறான். அவனுடைய கடிதம் பூட்டிய தபால் பெட்டிக்குள் விழுகிறது, சாவி கணவனிடம். ரகசியத்தை வெளியிட்டது நோரா அல்ல. அவளை மிரட்டியவன். அது வெளிப்பட்ட கணத்தில் அவளுக்குக் கிடைத்தது வசவு: பொய்க்காரி, குற்றவாளி, என் பிள்ளைகளை வளர்க்கத் தகுதியற்றவள். பத்திரம் திரும்பி வந்ததும் ஹெல்மர் "நான் பிழைத்தேன்" என்று கூவுகிறான். "நான்?" என்று அவள் கேட்கிறாள். தன்னுடைய பழியை அவன் தோளில் தாங்குவான் என்று எட்டு ஆண்டாக நம்பிக்கொண்டிருந்தவள், தன் வீட்டில் இருந்தவன் யார் என்று அப்போதுதான் பார்க்கிறாள். அவளை வெளியேற்றுவது அந்தப் பார்வை. ரகசியம் அம்பலமானது அவளுக்கு நேர்ந்த விபத்து. கதவைச் சாத்திவிட்டுப் போனது அவளுடைய முடிவு. நீங்கள் அரங்கேற்றத்தன்று அத்தைக்குக் கொடுக்கப்போவது முன்னதை மட்டும்தான்.

இப்போது நோராவுக்குப் பின்னால் இருந்த உண்மைப் பெண்ணைச் சொல்கிறேன். லாரா கீலர் 1849-இல் பிறந்தவர். எழுதக்கூடியவர். இப்சனின் நாடகமொன்றுக்குத் தொடர்ச்சியாக நாவல் எழுதி, அதன் மூலம் அவருக்கு அறிமுகமானவர். இப்சன் அவரை வானம்பாடி என்று அழைத்தார். ஹெல்மர் நோராவை அழைக்கும் செல்லப்பெயரும் அதுதான். கணவருக்குக் காசநோய் வந்தபோது லாரா ரகசியமாகக் கடன் வாங்கி அவரை இத்தாலிக்கு அழைத்துப்போனார். அவர் பிழைத்தார். கடன் நெருக்கியது. 1878-இல் ஒரு கையெழுத்துப் பிரதியை இப்சனுக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்கும்படி கேட்டார். பிரதி நன்றாக இல்லை என்று இப்சன் மறுத்துவிட்டார். எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லிவிடும்படி அறிவுரை சொன்னார். லாராவால் அது முடியவில்லை. பிரதியை எரித்தார். போலிக் காசோலை எழுதினார், பிடிபட்டார். உயிர் பிழைத்த கணவர் அவரை விலக்கினார்; ஒரு மாத அளவு மனநோய் விடுதியில் வைத்தார்கள். பிள்ளைகளுக்காக மன்றாடித்தான் வீடு திரும்பினார்.

அதே 1878 அக்டோபரில் இப்சன் ரோம் நகரில் உட்கார்ந்து புதிய நாடகத்துக்குக் குறிப்பு எழுதத் தொடங்கினார். 1879 டிசம்பர் 21-இல் கோபன்ஹேகனில் 'பொம்மை வீடு' அரங்கேறியது. ஐரோப்பா முழுக்க விவாதம். லாராதான் நோரா என்று மெல்ல மெல்ல ஊருக்குத் தெரிந்தது. தன்னை அந்தப் பாத்திரத்திலிருந்து பிரித்துப் பொதுவெளியில் ஒரு வார்த்தை சொல்லும்படி அவர் இப்சனிடம் கேட்டார். இப்சன் சொல்லவில்லை. நோராவுக்குக் கதவு சாத்திய ஓசையோடு திரை விழுந்துவிட்டது. லாரா 1932 வரை உயிரோடிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம், அதே கணவரின் வீட்டில், "ஓ, நோராவா!" என்ற பார்வைகளுக்கு நடுவில், அவர் புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஐம்பத்து மூன்று ஆண்டுகள் 'பொம்மை வீட்டில்' இல்லை.

இப்சன் மகா கலைஞர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினெட்டு வயதில் ஒரு பணிப்பெண்ணின் குழந்தைக்குத் தந்தையாகி, பல ஆண்டு பராமரிப்புப் பணம் கட்டி, அதைப் பற்றிப் பொதுவெளியில் வாய் திறக்காமல் இருந்தவர் அவர். ரகசியம் ஒரு மனிதனை எப்படி இறுக்கும் என்று தெரிந்துதான் எழுதினார். அப்படித் தெரிந்தவருக்கே இன்னொருவருடைய ரகசியத்தை எடுத்தபோது அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது; அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. கடன் வாங்கியவளால் உயிர் பிழைத்தவன்தான் 'பொம்மை வீட்டில்' நீதிபதியாகிறான். உங்கள் அப்பா பிழைத்தது அந்தச் சங்கிலியால். அதற்குப் பிறகு பிறந்தவர் நீங்கள். உங்கள் கடிதம் முழுக்க அத்தையின் குற்றவுணர்ச்சி பற்றிப் பேசுகிறது. எனக்குக் கேட்பது உங்களுடையதும் சேர்ந்துதான். இந்த நாடகத்தை இவ்வளவு அவசரமாக எழுதியது அத்தையின் பாரத்தை இறக்கவா, அன்றிரவு உங்கள்மேல் ஏறிய பாரத்தை இறக்கவா? இரண்டாவதாக இருந்தாலும் தவறில்லை. ஆனால் உங்கள் பாரத்தை இறக்க அத்தையை மேடையேற்றக் கூடாது.

பழி சுமந்தவர் எங்கே?

உங்கள் கடிதம் பன்னிரண்டு பக்கம். பழி சுமந்த பெண் அதில் மூன்று வரி வருகிறார். பெயர் இல்லை. நாடகத்திலும் அவர் 'வேலைக்காரி'தான். ஒரே காட்சி, அழுகை, வெளியேற்றம். பிறகு கதை முழுக்க அத்தையின் மனப் போராட்டம். சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நாடகம் பார்க்கிறவளாகவும் சொல்கிறேன்: உங்கள் பிரதியின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

மறைக்கும் ஒருவர்மீது ஊரின் அழுத்தம் விழுகிறது; அவர் அதைத் தன்னைவிட எளியவர்மீது தள்ளுகிறார். நல்ல நாடகாசிரியர்கள் இந்தத் தள்ளுதலைத்தான் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். 'பொம்மை வீட்டின்' மூன்றாம் அங்கத்தில் ஹெல்மர் தபால் பெட்டியைத் திறக்கப் போகிறான். பூட்டில் ஏதோ சிக்கியிருக்கிறது. உடைந்த கொண்டை ஊசி. "நோரா, இது உன்னுடையதாயிற்றே" என்கிறான். "பிள்ளைகள் வேலையாக இருக்கும்" என்று அவள் உடனே சொல்கிறாள். எவ்வளவு சின்னப் பொய்! பிள்ளைகளை உயிராக நேசிக்கும் தாய், மாட்டிக்கொள்ளும் கணத்தில் பழியை அவர்கள்மேல் வைக்கிறாள். குற்றவுணர்ச்சியைப் பற்றி மூன்று பக்கம் வசனம் எழுதினாலும் இந்த ஊசி சொல்வதைச் சொல்ல முடியாது.

நம்முடைய சிலம்பில் இதைவிடக் கொடியது இருக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடி ஒளித்துவைத்த பொற்கொல்லன், கையில் ஒற்றைச் சிலம்போடு வரும் கோவலனைப் பார்க்கிறான். என் திருட்டு வெளிப்படுவதற்கு முன் இதை இந்தப் "புலம்பெயர் புதுவன்" தலையில் போட்டுவிடலாம் என்று அவன் கணக்கிடும் கணத்தை இளங்கோ நமக்குக் காட்டுகிறார். கோவலன் ஊருக்குப் புதியவன், அவனுக்காகப் பேச யாருமில்லை, ஊர் நம்பிவிடும். பாண்டியன் விசாரிக்காமலே நம்பினான். பிறகு கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி வீழ்ந்தான்.

உங்கள் அத்தையின் ஊரும் உடனே நம்பியது. அந்தப் பெண்தான் திருடினார் என்று ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பியது? அவர் எந்தத் தெருவிலிருந்து வேலைக்கு வந்தார், எந்தச் சமூகம் என்று நீங்கள் எழுதவில்லை. பதில் அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். புது மருமகளுக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. புகுந்த வீடு, மாமியார், பிறந்த வீட்டு மானம் என்று அந்தப் பயத்துக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அவர் பேசாமல் இருந்தால் தண்டனை இன்னொருவருக்குப் போகும்படி ஊர் ஏற்கெனவே அமைந்திருந்தது. சமூக அழுத்தத்தைப் பற்றி நாடகம் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அந்த அழுத்தம் எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பது இல்லாமல் நாடகம் முழுமையாகாது.

குந்தியை நாம் நூற்றுக்கணக்கான இரவுகளில் கூத்தில் பார்த்திருக்கிறோம். அவள் மறைத்ததன் விலையைக் கொடுத்தவன் கர்ணன். வில்லிபுத்தூரார் பாரதத்தில் தாய் வந்து வரம் கேட்கும்போது அவன் பதிலுக்குக் கேட்பவற்றில் ஒன்று, தான் களத்தில் விழும்போது தன்னை மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டும் என்பது. அரசு வேண்டாம், உயிர்கூட வேண்டாம், தன் பெயர்மீது இருக்கும் பொய் நீங்க வேண்டும். ஊரைவிட்டுப் போன அந்தப் பெண்ணும் இதைத்தான் கேட்பாரோ என்னவோ. கேட்காமலும் இருக்கலாம். தன் பிள்ளைகளுக்கே இந்த அவமானத்தைச் சொல்லாமல் வளர்த்திருக்கலாம். அப்படியானால் உங்கள் நாடகம் இரண்டு பேருடைய ரகசியத்தைத் திறக்கிறது.

கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் தனக்கு எடுக்கும் சேலையோடு இன்னொரு சேலையும் எடுத்து, யாருக்கும் கொடுக்காமல் பீரோவின் அடித்தட்டில் வைப்பார், கேட்டால் "இருக்கட்டும்" என்பார். இது நாடகத்தில் இல்லை! அழுதுகொண்டே பேசும் நீண்ட தனிமொழி இருக்கிறது, இது இல்லை. அந்தச் சேலைகள் யாருக்கு என்று நான் ஊகிக்கிறேன். நீங்கள் அத்தையிடமே கேளுங்கள். இந்த ஒன்றை நாடகத்தில் வைப்பதானால் அவருடைய அனுமதியோடு மட்டும் வையுங்கள், ஏனென்றால் அவரை அறிந்த எவரும் இதை வைத்தே அவரைக் கண்டுகொள்வார்கள்.

இப்போது என்ன செய்வது

அரங்கேற்றத் தேதியைத் தள்ளிவையுங்கள். குழுவிடம் முழுக் காரணத்தையும் சொல்ல வேண்டியதில்லை; பிரதியில் திருத்தம் இருக்கிறது என்றால் போதும், அது உண்மையும்கூட. கையில் இருக்கும் பிரதிகளைத் திரும்ப வாங்குங்கள்.

அத்தையிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் மகன் வீட்டில் இருக்கும் நேரத்தில் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு விரும்பினால் படித்துக் காட்டுங்கள். "உங்கள் நல்லதுக்குத்தான் அத்தை" என்று தொடங்காதீர்கள். முன்னறிவிப்பின்றி அரங்கில் உட்கார வைக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். 65 வயதில், மருத்துவமனையிலிருந்து வந்தவர், இருட்டில், ஊராருக்கு நடுவில் தன் வாழ்க்கையைப் பார்க்கிறார். அதை விடுதலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடும்ப வழக்குகளில் நான் பார்க்கும்வரை, தானே நேரம் பார்த்து, ஆள் பார்த்துச் சொன்னவர்களுக்குத்தான் மனம் இலேசாகிறது. பிறர் உடைத்துவிட்டவர்கள் இரண்டாம் முறை உடைந்துபோகிறார்கள்.

அவர் சம்மதித்தால் ஒரு சிறு கடிதம் வாங்குங்கள். அதில் "பிரதியைப் படித்தேன், மேடையேற்ற ஆட்சேபம் இல்லை" என்று மட்டும் இருக்கட்டும். "இது என் கதை" என்ற சொல் எங்கும் வரக் கூடாது. சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

சம்மதம் கிடைத்தாலும் கதையை மாற்றியே ஆக வேண்டும். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1953-இல் அந்நாட்டின் சேலம் நகரத்துச் சூனிய விசாரணைகளை நாடகமாக்கியபோது, அறுபது வயதை ஒட்டியிருந்த பிராக்டரை முப்பதுகளில் இருப்பவராக்கினார், சிறுமியாக இருந்த அபிகெயிலின் வயதைக் கூட்டினார், இருவருக்கும் நடுவில் இல்லாத ஓர் உறவைக் கற்பித்தார். அந்த மனிதர்கள் இறந்து இரண்டரை நூற்றாண்டு ஆகியிருந்ததால் பெயர்களை வைத்துக்கொண்டார். உங்கள் மனிதர்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். நகையை நிலப்பத்திரமாக்கலாம், அண்ணனை மகளாக்கலாம், ஊரையும் தொழிலையும் காலத்தையும் மாற்றலாம். மறைத்தவரின் பயமும், பழி போய் விழுந்த இடமும் மாறாமல் இருந்தால் நாடகம் பலவீனப்படாது.

பழி சுமந்தவரைத் தேட வேண்டுமா என்பது அத்தை எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் கேட்கலாம், வற்புறுத்த வேண்டாம். தேடுவதானால் நாடகத்தோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். "உங்களைப் பற்றி நாடகம் போடுகிறோம்" என்று போய் நிற்பது மன்னிப்புக் கேட்பதாகாது. நம்பிக்கையான ஒருவர் மூலம், அவர் குடும்பத்தார் முன்னிலையில் அல்லாமல், அத்தை சந்திக்க விரும்புகிறார் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அவர் வர மறுத்தால் அதோடு நின்றுவிட வேண்டும். ஊரார் முன்னிலையில் பெயர் துடைக்கப்பட வேண்டும் என்று அவர் கேட்டால், அப்போது அத்தைக்கு ஒரு வழக்கறிஞரின் துணை தேவைப்படும். எனக்கு எழுதுங்கள்.

அத்தை மகனோடு தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ வாதாடாதீர்கள். "நாடகம் இப்போது நடக்கவில்லை, அத்தையிடம் பேசிய பிறகு உங்களிடம் பேசுகிறேன் அத்தான்" என்று ஒரு வரி போதும். அவருக்கு உண்மை எவ்வளவு தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. "திருடி" என்று அவர் சொன்னது நாடகத்தைப் பற்றிய வதந்தியாக இருக்கலாம். அதை உறுதிப்படுத்தும் எந்தச் சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. மகனிடம் சொல்வதும் சொல்லாததும் அத்தையின் உரிமை.

அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்போது இந்தப் பிரதியை மூடி வைத்துவிடுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். இறந்தவர் பற்றிய விளக்கம் அப்போதும் அந்தப் பிரிவில் இருக்கும், பழி சுமந்தவரின் பிள்ளைகளும் எங்கேயோ இருப்பார்கள். ஆனால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். உரைகல் தேய்க்கும்போது தாலியைத் தொட்டுப் பார்த்த அந்தக் குறிப்பு அத்தை சொன்னதில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கற்பனை, முழுக்க உங்களுடையது. அடுத்த பிரதியை அங்கிருந்து தொடங்கலாம்.